நாடி சொல்லும் முன்னெச்சரிக்கை

மனிதன் உறங்கும்போதும் உறங்காது உழைக்கும் உறுப்பு இதயம். தாயின் வயிற்றில் துடிக்கத் தொடங்கிய நாள் முதல் இறுதி மூச்சு வரை ஓய்வறியாத அந்தப் பிடியளவுத் தசை, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை துடிக்கிறது. மணிக்கட்டில் விரல் வைத்து அத்துடிப்பின் மொழியைப் படிக்க மருத்துவர்கள் தொன்றுதொட்டு முயன்று வந்திருக்கிறார்கள். நம் சித்த மருத்துவர்கள் வாதம், பித்தம், கபம் என மூவகை நாடி கண்டார்கள். கி.பி. 1037-இல் மறைந்த மருத்துவ மேதை இப்னு சீனா, நாடியைப் பத்து வகையில் ஆராய வேண்டுமென வகுத்து, துடிப்புகளின் ஒப்புமையையும் ஒவ்வாமையையும் அவற்றுள் சேர்த்தார்.

அவர்களின் விரல்களுக்கு எட்டாத ஒரு நுட்பத்தை இன்று கருவிகள் அளக்கின்றன. நாட்பட்ட இதயச் செயலிழப்பு உடையவர்களில் யாருக்கு ஆபத்து நெருங்குகிறது என்பதை அந்த அளவு ஓரளவு முன்கூட்டியே உணர்த்துகிறது. அதனை எவ்வாறு விளங்கிக்கொள்வது, விளங்கியபின் என்ன செய்வது என்பதைக் குடும்பத்தார் அறிந்திருப்பது நலம்.

சீரான துடிப்பு நல்ல துடிப்பா?

‘இதயச் செயலிழப்பு’ என்றதும் இதயம் நின்றுவிட்டதாகப் பலர் அஞ்சுகின்றனர். அவ்வாறன்று. உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தைச் செலுத்தும் ஆற்றலை இதயம் இழந்து வருவதே இந்நோய். மாரடைப்பு, நெடுநாளைய இரத்த அழுத்தம், வால்வுக் கோளாறு, இதயத்தசை நோய் முதலியன இதற்குக் காரணங்கள். நடந்தால் மூச்சிரைக்கும், கால் வீங்கும், தலையணையை உயர்த்தினாலன்றி உறக்கம் வராது.

நலமுள்ள இதயம் கடிகாரம்போல் துல்லியமாகத் துடிக்கும் என்றே நாம் எண்ணுகிறோம். உண்மை வேறு. நிமிடத்திற்கு 70 முறை துடிக்கும் இதயத்தில், ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே சராசரியாக 857 மில்லி விநாடி செல்லும். ஒரு மில்லி விநாடி என்பது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆயினும் ஒவ்வோர் இடைவெளியும் 857 ஆக இராது. ஒன்று 820 ஆகும். மற்றொன்று 900 ஆகும். மூச்சை உள்ளிழுக்கையில் துடிப்பு சற்று விரையும். வெளிவிடுகையில் சற்றுத் தணியும். உறக்கத்தில் ஒரு நடை, படியேறுகையில் ஒரு நடை.

இந்த நெகிழ்வை உண்டாக்குபவை இருவகை நரம்புகள். பரிவு நரம்புகள் இதயத்தை விரட்டும். வேகஸ் நரம்பு அதனை அமைதிப்படுத்தும். வண்டிக்காரன் சாட்டையையும் கடிவாளத்தையும் இடமறிந்து கையாள்வது போன்றது இது. இதயம் தளரும்போது, குறையை ஈடுசெய்ய உடல் சாட்டையை ஓயாது வீசுகிறது, கடிவாளமோ நழுவுகிறது. சிறிது காலம் இது உதவுவதுபோல் தோன்றும். பின்னர் அதுவே தளர்ந்த இதயத்தை மேலும் தளர்த்தும். துடிப்பு விரைந்து, இடைவெளிகள் யாவும் ஏறக்குறைய ஒன்றுபோலாகிவிடும். ஆகவே, நெகிழ்விழந்த துடிப்பு நலத்தின் அடையாளமன்று, களைப்பின் அடையாளமே.

எண்கள் கூறியவை

துடிப்பின் மின் அலைகளைத் தாளில் பதியும் இ.சி.ஜி. கருவியை உருவாக்கியவர் வில்லெம் ஐந்தோவன். அதற்காக 1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் சில விநாடிப் பதிவில் நாள் முழுதுமான மாற்றம் தெரியாது. அமெரிக்கரான நார்மன் ஹோல்ட்டர், நடமாடும் மனிதரின் துடிப்பைப் பதியும் கருவியை அமைத்தார். தொடக்கத்தில் அது முதுகில் சுமக்க வேண்டிய 38 கிலோ மூட்டையாக இருந்தது; இன்று சட்டைப்பைக்குள் அடங்குகிறது. அவர் பெயராலேயே அதனை ‘ஹோல்ட்டர்’ என்கிறோம்.

1960-களில் எட்வர்ட் ஹான், லீ என்னும் இருவர், கருவிலுள்ள குழந்தைக்குத் துன்பம் நேர்கையில் துடிப்பின் எண்ணிக்கை மாறுவதற்கு முன்பே இடைவெளிகள் மாறிவிடுவதைக் கண்டனர். 1987-இல் கிளைகர் என்பாரும் அவருடைய குழுவினரும், மாரடைப்பிலிருந்து மீண்ட 808 பேரை ஆராய்ந்து வெளியிட்ட முடிவில், 24 மணி நேரத்தில் இடைவெளிகளின் விலகல் 50 மில்லி விநாடிக்கும் குறைவாக இருந்தவர்களுக்கு, 100-க்கு மேல் இருந்தவர்களைவிட மரண ஆபத்து 5.3 மடங்கு எனத் தெரிந்தது.

நாட்பட்ட இதயச் செயலிழப்பைப் பற்றிய தெளிவான சான்று 1998-இல் பிரிட்டனிலிருந்து வந்தது. 433 வெளிநோயாளிகளை மூன்று பிரிவாகப் பார்த்தனர். விலகல் 100 மில்லி விநாடிக்கு மேல் இருந்தவர்களில் ஆண்டுக்கு 5.5 விழுக்காட்டினரும், 50 முதல் 100 வரை இருந்தவர்களில் 12.7 விழுக்காட்டினரும், 50-க்கும் கீழிருந்தவர்களில் 51.4 விழுக்காட்டினரும் இறந்தனர். நோய் படிப்படியாக முற்றி நேரும் மரணத்தையே இவ்வளவு சிறப்பாக முன்னுணர்த்தியது.

ஆயினும் இதற்கு வரம்புகள் உண்டு. இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் நோயுடையவர்க்கும், பேஸ்மேக்கரால் துடிப்பு நடப்பவர்க்கும் இது பொருந்தாது. நம் வீடுகளில் பெருகிவிட்ட சர்க்கரை நோய், நரம்புகளைப் பாதித்து இந்த அளவைத் தனியே குறைக்கும். எனவே மருத்துவர்கள் எக்கோ, இரத்தப் பரிசோதனை, சிறுநீரகத்தின் நிலை ஆகியவற்றையே முதன்மையாகக் கொள்கின்றனர். வளைகுடாவிலிருந்து மகன் வாங்கிவந்த கைக்கடிகாரம் காட்டும் எண்ணோ சிறுபொழுதின் அளவு. அதனை 24 மணி நேரப் பதிவின் எண்ணோடு ஒப்பிட்டு அஞ்சுவதும் தவறு, மகிழ்வதும் தவறு.

ஆயுளை அளப்பதா?

இங்கே ஈமானுள்ள உள்ளத்தில் ஒரு கேள்வி எழுதல் இயல்பு. “மௌத்தின் வேளையை அல்லாஹ் ஒருவனே அறிவான். கருவி எப்படிச் சொல்லும்?” கருவி அதனைச் சொல்லவில்லை என்பதே விடை. 51.4 என்பது ஒரு கூட்டத்தாரின் கணக்கு. அக்கூட்டத்தில் இன்ன மனிதர் இருப்பார், இன்னவர் மறைவார் என்று அது பெயர் சுட்டாது. அந்தக் கூட்டத்திலும் ஏறத்தாழப் பாதிப்பேர் ஆண்டைக் கடந்தனர் என்பதை மறத்தலாகாது.

தென்பெண்ணையின் கரையிலுள்ள சோரியாங்குப்பம் போன்ற ஊர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மேலே சாத்தனூர் அணை திறக்கப்பட்டால் கீழே கரையோர மக்களுக்கு எச்சரிக்கை வருகிறது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலையொட்டி ஆறு பெருகிய நாட்களை எளிதில் மறக்க இயலாது. எச்சரிக்கை கேட்டவன் மாடு கன்றுகளை மேட்டுக்கு ஓட்டுகிறான். பிள்ளைகளை அழைத்துச் செல்கிறான். அவன் விதியை மறுத்தவனல்லன்; தனக்களிக்கப்பட்ட அறிவைப் பயன்படுத்தியவன். எச்சரிக்கையைக் கேட்டும் திண்ணையில் அமர்ந்திருப்பதற்குத் தவக்குல் என்று பெயரில்லை.

நம் வட்டாரத்தில் அந்த மேடு எது? திருவனந்தபுரத்தில் 2013-ஆம் ஆண்டு இதயச் செயலிழப்பால் மருத்துவமனைகளில் சேர்ந்த 1,205 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். சராசரி வயது 61 மட்டுமே. ஐந்தாண்டுகளில் 59 விழுக்காட்டினர் மறைந்தனர். இதயத்தின் சுருங்கும் ஆற்றல் குறைந்தவர்களில், நெறிமுறைகள் கூறும் மருந்துகளின் முழுத் தொகுதியும் பெற்று வீடு திரும்பியோர் நான்கில் ஒருவரே. இதயத்தை விரட்டும் சாட்டையைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகள், இத்தகைய நோயாளிகளின் மரணத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்ததை 1999-இல் வெளியான இரு பெரும் ஆய்வுகள் காட்டியிருந்தன. முன்னறிவிப்பு இல்லாமையைவிட, அறிந்த மருந்து போய்ச் சேராமையே பெரிய இழப்பு.

புதுவையில் ஓர் ஆய்வு

1823-இல் பிரெஞ்சு ஆட்சியில் தோன்றிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது புதுவை ஜிப்மர். அங்கு நடந்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் இன்னும் முற்றாத இதயச் செயலிழப்பு நோயாளிகள் 130 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் 12 வாரம் யோகப் பயிற்சி செய்தனர். அப்பிரிவில் 44 பேரும் மற்றதில் 48 பேரும் இறுதிவரை இருந்தனர். பயிற்சி செய்தவர்களின் நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் தணிந்தன. துடிப்பின் நெகிழ்வை ஆராய்ந்தபோது, அமைதிப்படுத்தும் நரம்பின் பங்கு கூடியிருந்தது. சிறிய ஆய்வுதான், ஆயுள் நீண்டதா என்பதை அது அளக்கவில்லை. எனினும் நழுவிய கடிவாளம் ஓரளவு மீண்டும் கைக்கு வரக்கூடும் என்பதற்கு நம் மண்ணிலேயே கிடைத்த சான்று இது. மருத்துவரின் இசைவோடு செய்யும் மெல்லிய நடையும் உடற்பயிற்சியும் இந்நோயாளிகளுக்கு நன்மை தருவனவே.

வீட்டார் செய்ய வேண்டியவை

ஹோல்ட்டர் எல்லாருக்கும் தேவைப்படாது. நாடியை எண்ணுவதற்குப் பணமும் தேவையில்லை. 2010-இல் வெளியான ‘ஷிஃப்ட்’ ஆய்வில், ஓய்வு நிலைத் துடிப்பு 70-க்கு மேலிருந்த நோயாளிகளில், நிமிடத்திற்கு ஐந்து துடிப்பு கூடினாலே ஆபத்து 16 விழுக்காடு கூடியது. எனவே அத்தாவோ அம்மாவோ இந்நோயுடையவராயின், காலையில் அமைதியாக அமரச் செய்து முழு நிமிடம் நாடியை எண்ணி ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எழுத்தறிந்த பேரப்பிள்ளை இதனைச் செய்யலாம். உடல் எடையையும் அதே நோட்டில் குறியுங்கள். மூன்று நாட்களில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால், உடலில் நீர் தேங்குகிறது என்று பொருள்; அன்றே மருத்துவரை நாடுங்கள்.

‘இப்போது நன்றாக இருக்கிறேனே’ என்று மருந்தை நிறுத்த விடாதீர்கள். நன்றாக இருப்பதே அம்மருந்தினால்தான். கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றின் உப்பைக் குறையுங்கள். ரமலானுக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் சென்று, நோன்பு நோற்கலாமா, மருந்து வேளைகளை எப்படி மாற்றுவது எனக் கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் அளித்த சலுகையைப் பெறுவதில் குறையேதும் இல்லை.

ஆயுள் ரப்பின் கையில் உள்ளது. நோட்டும் மருந்தும் நம் கையில் உள்ளன. நம் கையிலுள்ளதை நாம் செய்வோம். ஷிஃபா அளிப்பவன் அவனே.