பெருங்கணினிக்கு ஒரு வாயில்

வங்கியில் நமக்குள்ள இருப்பு எவ்வளவு என்பதைக் கைப்பேசியைத் தொட்ட மாத்திரத்தில் அறிந்துகொள்கிறோம். அந்தக் கணக்கு எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று நம்மில் கேட்போர் சிலரே. உலகத்துப் பெரிய வங்கிகள் பலவற்றில் அது ‘மெயின்ஃப்ரேம்’ எனப்படும் பெருங்கணினியில் இருக்கிறது. 1964ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஐ.பி.எம். நிறுவனம் ‘சிஸ்டம்/360’ என்னும் வரிசையை அறிவித்தது. அந்த மரபில் வந்தவையே இன்றைய ஐ.பி.எம். பெருங்கணினிகள். வலையோ அதற்குக் கால் நூற்றாண்டு கழித்துத் தோன்றியது. பழைய களஞ்சியத்தில் உள்ள பொருள் புதிய கடைத்தெருவுக்கு வரவேண்டுமானால் இடையே ஒரு வாயில் வேண்டும். கேட்டவருக்குக் கேட்ட பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் அந்த மென்பொருளுக்கு ‘வெப் சர்வர்’ என்று பெயர். பெருங்கணினியில் எந்த சர்வரை வைப்பது, எங்கே வைப்பது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைப் போக்கிவிடுகிறேன். பெருங்கணினி கிழடாகிவிட்டது, வலைக்கும் அதற்கும் ஒட்டாது என்பார் உண்டு. ஐரோப்பாவுக்கு வெளியே முதன்முதல் இயங்கிய வெப் சர்வரே ஒரு பெருங்கணினியில்தான் இயங்கிற்று. கலிபோர்னியாவில் ‘ஸ்லாக்’ என்னும் துகள்முடுக்கி ஆய்வகம் உள்ளது. அங்கிருந்த பால் குன்ஸ் என்னும் இயற்பியலர் 1991 செப்டம்பரில் ஜெனீவாவுக்குப் போய், செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ செய்திருந்த வலையைக் கண்டார். அவ்வாண்டு டிசம்பர் 12ஆம் நாள் ஸ்லாக்கின் சர்வர் வேலை தொடங்கியது. ‘வி.எம்.’ என்னும் இயங்குதளத்தில் அது அமைந்ததற்குக் காரணம் எளியது: இயற்பியல் கட்டுரைகளின் ‘ஸ்பைர்ஸ்’ அட்டவணை அந்த இயந்திரத்தில்தான் இருந்தது. சரக்கு இருந்த இடத்திலேயே வாயிலையும் வைத்தார்கள்.

ஆயினும் இதில் ஒரு பெரும் இடர் உண்டு. அது எழுத்தைப் பற்றியது. வலையின் நடைமுறைகள் ‘ஆஸ்கி’ குறிமுறையின்மேல் எழுந்தவை. ஐ.பி.எம். பெருங்கணினிகளோ ‘எப்சிடிக்’ என்னும் வேறு குறிமுறையில் எழுதிப் பழகியவை. ஆங்கிலத்தின் முதற் பேரெழுத்துக்கு ஆஸ்கியில் எண் 65, எப்சிடிக்கில் 193. எப்சிடிக்கில் எழுத்துகள் தொடர்ந்தும் நில்லா. ‘ஐ’ எழுத்துக்கு 201. அடுத்த ‘ஜே’ எழுத்துக்கு 209. அடுத்தடுத்த எழுத்துகளுக்கு அடுத்தடுத்த எண்கள் என்று நம்பி எழுதிய நிரல் இங்கே இடறி விழும். போதாக்குறைக்கு எப்சிடிக்கிலேயே பல பட்டியல்கள். திறக்கும் சதுர அடைப்புக்குறி 037 எண்ணுள்ள பட்டியலில் 186. 1047 எண்ணுள்ள பட்டியலில் 173. ஆகவே வாயிலில் நிற்பவன் மொழிபெயர்ப்பாளனாகவும் இருக்கவேண்டும். எதை மொழிபெயர்க்கக் கூடாது என்பதையும் அவன் அறிந்திருக்கவேண்டும். படக்கோப்பை எழுத்தென்று கருதி மாற்றிவிட்டால், பெறுபவருக்குப் படம் திறக்கவே திறக்காது.

இதை அழகாகத் தீர்த்தவர்கள் ‘அப்பாச்சி’ சர்வரைச் செய்தவர்கள். சீமென்ஸ் நிறுவனத்தின் ‘பி.எஸ்.2000’ பெருங்கணினிக்கு அதை அவர்கள் கொண்டுசென்றார்கள். 1998இல் வந்த 1.3ஆம் பதிப்பே எப்சிடிக் இயந்திரத்தில் ஓடிய முதல் அப்பாச்சி. எழுத்து வகைக் கோப்பானால் மாற்று, மற்றவற்றைத் தொடாதே என்பது அவர்கள் வகுத்த விதி. அதற்கு முன் அவ்வியந்திரத்தில் செர்ன் சர்வர் இருந்தது. அது ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் புதிதாக ஒரு செயலைப் பிறப்பிக்கும். விருந்தாளி இலையில் உட்கார்ந்த பிறகு பரிமாற ஆள் தேடுவது போன்ற ஏற்பாடு! அப்பாச்சியோ முன்கூட்டியே ஆட்களை நிறுத்தி வைக்கும். இதனால் வேகம் ஐந்து மடங்குக்கு மேலும் கூடக்கூடும் என்று நிறுவுவதும் அம்முயற்சியின் நோக்கங்களுள் ஒன்று.

ஐ.பி.எம். தன் ‘இசட்/ஓ.எஸ்.’ இயங்குதளத்துக்கு நெடுங்காலம் ‘டோமினோ’ வழிவந்த சர்வரை அளித்தது. 2015இல் வந்த 2.2ஆம் பதிப்பில் அது நீக்கப்பட்டு, அப்பாச்சியை அடிப்படையாகக் கொண்ட சர்வர் மட்டுமே நின்றது. பழையதை நம்பியிருந்த நிலையங்கள் அமைப்புக் கோப்புகளைத் திருத்தி எழுதவேண்டியதாயிற்று. அதற்கென்றே எழுதிய இணைப்பு நிரல்களும் பயனற்றுப் போயின. இலவசமாக உடன் வருவது என்றும் உடன் இருக்கும் என்று எண்ணியதன் விலை அது.

வேறு வழிகளும் உண்டு. வங்கிப் பரிவர்த்தனைகளை நடத்தும் ‘சி.ஐ.சி.எஸ்.’ மென்பொருள் இடைத்தரகர் இல்லாமலே வலை வேண்டுகோளுக்கு விடையிறுக்க வல்லது. ஜாவா நிரல்களுக்கு ‘லிபர்ட்டி’ இருக்கிறது. 1999 டிசம்பரில் பெருங்கணினிக்கு லினக்ஸ் வந்தபின் மற்றொரு பாதையும் திறந்தது. ‘இசட்/வி.எம்.’மின் கீழ் லினக்ஸை ஓட்டி, சாதாரண அப்பாச்சியை அதில் வைக்கலாம். லினக்ஸ் ஆஸ்கியிலேயே பேசுகிறது. ஆதலால் எழுத்துச் சிக்கல் வாயிலை விட்டு நீங்கி உள்ளறைக்குப் போகிறது. லினக்ஸுக்கென ஒதுக்கிய செயலிகள் இசட்/ஓ.எஸ். மென்பொருள் கட்டணக் கணக்கில் சேர்வதில்லை. இது கையிருப்பை எண்ணும் மேலாளருக்கு இனிக்கும் செய்தி.

என்னைக் கேட்டால், எல்லோரும் பார்க்கும் பக்கங்களையும் படங்களையும் லினக்ஸில் வைப்பேன். கணக்கைத் தொடும் வேண்டுகோளுக்கு மட்டும் வாயிலை இசட்/ஓ.எஸ். உள்ளேயே வைப்பேன். அங்கே ‘ராக்எஃப்’ என்னும் பாதுகாப்பு மென்பொருள், யார் எந்தக் கோப்பைத் தொடலாம் என்பதை ஏற்கெனவே அறிந்திருக்கிறது. வாயிலைத் தனியே வெளியில் வைத்தால் கடவுச்சொற்களுக்கு இரண்டாவது பட்டியல் ஒன்று முளைக்கும். வேலையை விட்டுச் சென்றவரின் பெயர் ஒரு பட்டியலில் அடிக்கப்பட்டு மற்றொன்றில் தங்கிவிடுவது அப்படித்தான்.

எதைத் தேர்ந்தாலும், வாயிலைத் திறப்பதற்கு முன் ஒரு பக்கத்தில் சதுர அடைப்புக்குறிகள் சிலவற்றையும் ஒரு படத்தையும் வைத்து வெளியிலிருந்து வரவழைத்துப் பாருங்கள். அடைப்புக்குறி வேறு குறியாகத் தெரிந்தால், தவறான எழுத்துப் பட்டியல் தேர்ந்திருக்கிறது. படம் திறக்காவிட்டால் அதன் கோப்பு வகையைப் பாருங்கள், எழுத்தென்று குறித்திருப்பார்கள்.