காந்தாரி பறிப்போம், காரச் சாஸ் செய்வோம்



குரங்கணி, போடிமெட்டுப் பக்கம் யாரும் நடாமலேயே காந்தாரிச் செடி முளைத்து நிற்கும். சிலர் சீனி மிளகாய் என்பார்கள். பழத்தைத் தின்ற குருவிகளின் எச்சத்தில் முளைத்தது. காரம் பறவைகளுக்கு உறைக்காது, நமக்குத்தான் கண்ணில் தண்ணி வருது!

ஏலத்தோட்ட வேலை முடிந்து ஜீப் ஏறும்போது, ஓரத்துச் செடியில் நாலு காந்தாரி பறித்து மடியில் கட்டி வரும் பழக்கம் நம்மிடம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஏலத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்து அதிலும் படும். கழுவினாலும் முழுசாகப் போகாது. வீட்டுச் செடியே போதும்.

நன்றாகச் சிவந்த பழத்தைப் பனி காய்ந்த பிறகு காம்போடு பறியுங்கள். சொத்தை, பூஞ்சை பட்டது ஒன்றுகூட வேண்டாம். கழுவி, ஈரம் போகத் துடைத்து, பிறகுதான் காம்பு கிள்ளணும். கையில் முதலில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். மிளகாய்க் காரம் எண்ணெயில் கரையும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. ஒரு குழுவில் ஒரு அக்கா வெறும் தண்ணீரில் கை அலம்பிவிட்டுப் பிள்ளையைத் தூக்க, அது கண்ணைக் கசக்கி ஒரே அழுகை. வேலை முடிந்ததும் மறுபடி எண்ணெய் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவணும்.

கால் கிலோ பழத்தை ஒன்றிரண்டாக இடித்து, 15 கிராம் உப்பு, கொதித்து ஆறிய தண்ணீர் 100 மில்லி சேர்த்துக் கண்ணாடி ஜாடியில் போடுங்கள். உப்பை நிறுத்துப் போடணும், கைப்பிடிக் கணக்கு வேண்டாம். ஜாடியில் கால் பாகம் காலியாக இருக்கட்டும். நுரைத்துப் பொங்கும் என்பதால் மூடியை இறுக்காதீர்கள். தினமும் சுத்தமான கரண்டியால் கிளறணும். பத்து நாளில் புளிப்பு வாசம் வரும். பச்சை, கறுப்புப் பூஞ்சை வந்தால் மேலாக வழித்துவிட்டு வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீங்க, முழுசும் கொட்டிவிடுங்கள்.

பிறகு 100 மில்லி வினிகர் ஊற்றி அரைத்து, எவர்சில்வர் பாத்திரத்தில் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். அலுமினியம் ஆகாது, புளிப்பு அரிக்கும். நெடி ஏறும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்; இளைப்பு உள்ளவர்கள் பக்கத்தில் வரவேண்டாம். கொதிநீரில் போட்டெடுத்த பாட்டிலில் சூடாகவே நிரப்பணும்.

புளிப்பு ருசிக்கு மட்டுமல்ல. பிஎச் அளவு 4.6-க்குக் கீழே இருந்தால்தான் போட்டுலிசம் என்னும் கொடிய நோயை உண்டாக்கும் கிருமி வளராது. ஆகவே பிஎச் தாளில் தொட்டுப் பாருங்கள். 4-க்கு மேல் காட்டினால் இன்னும் வினிகர் சேர்த்துத் திரும்பக் கொதிக்கவிடுங்கள். தாளைக் குழு நிதியில் வாங்கி வைக்கலாம்.

விற்பதானால் 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு வேண்டும். பாட்டிலில் தயாரித்த தேதி, சேர்த்த பொருட்கள் எழுதி ஒட்டணும். முதல் பாட்டிலை விற்காமல், வீட்டில் ஒரு மாசம் வைத்துப் பாருங்கள்.