மணலேறிய இரும்புக் கப்பல்

வேலணையைச் சூழ்ந்த பரவைக் கடலில் வள்ளம் தரைதட்டினால், அதிலுள்ளோர் இறங்கித் தோள்கொடுத்துத் தள்ளிவிடுவர். 322 அடி நீளமான இரும்புக் கப்பல் தரைதட்டினால் யாது செய்வது?

அத்தகைய இடர் 1846இல் நேர்ந்தது. புறூணல் என்னும் பொறியியலறிஞர் வகுத்த 'கிறேற் பிரிற்றன்' நீராவிக் கப்பல், செப்டெம்பர் 22ஆம் நாள் லிவர்ப்பூலிலிருந்து நியூயோர்க் நோக்கிப் புறப்பட்டு, அன்றிரவே அயர்லாந்தின் டண்ட்றம் குடாவில் மணலேறியது. கப்பற்றலைவர் ஒரு வெளிச்சவீட்டை மற்றொன்றென மயங்கியதாகக் கூறுவர். பிரயாணிகள் உயிர்தப்பினர்.

அக்காலத்தின் மிகப் பெரிய கப்பல் கரையிற் கிடக்கும் அதிசயத்தைக் காண மக்கள் திரண்டனர். டிசெம்பரில் அங்கு சென்ற புறூணல், அதனைக் காப்பாரின்றி விட்டமை கண்டு சினந்தார். அவர் யோசனைப்படி, சுள்ளிக் கட்டுகளைச் சங்கிலியாற் பிணைத்து, அலைமோதும் பக்கத்தில் அரண் அமைத்தனர். மாரிக்காலப் புயல்களையும் அக்கப்பல் தாங்கிற்று. 1847 ஓகஸ்ற் 27ஆம் நாள் மீண்டும் மிதந்தது.

மரக்கப்பலாயின் அத்தனை மாத அலைகளிற் சிதைந்திருக்கும். செலவின் சுமையால் உரிமையாளரின் கம்பனி நொடிந்தது. எனினும் இரும்பின் உறுதி ஐயமற விளங்கிற்று. பின்னர் அவுஸ்திரேலியாவுக்குக் குடியேறுவோரைப் பல ஆண்டுகள் ஏற்றிச்சென்ற அக்கப்பல், 1970இல் தான் பிறந்த பிறிஸ்ரல் நகருக்கே மீண்டு, இன்று காட்சிச்சாலையாய் விளங்குகின்றது.