பெயரில்தான் முந்திரி: ஒவ்வாமை உள்ள குழந்தையோடு கிறிஸ்துமஸ் பலகாரம் செய்யலாமா?

டிசம்பர் பிறந்துவிட்டால் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து வீடுகளில் பலகார வேலை தொடங்கிவிடும். அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து, பிளம் கேக் என்று தட்டுகள் வீடு மாறும். முட்டை, பால், முந்திரி ஒத்துக்கொள்ளாத குழந்தை உள்ள வீட்டுக்கு மட்டும் இது சங்கடமான மாதம். "நீ அங்க போய் விளையாடு பிள்ளே" என்று குழந்தையை அடுப்பங்கரையிலிருந்து அனுப்பிவிடுவார்கள். ஆனால், கூடவே உட்கார்ந்து செய்யத் தோதான பலகாரம் நாஞ்சில் நாட்டிலேயே இருக்கிறது.

முந்திரிக்கொத்தில் முந்திரிப்பருப்பு கிடையாது. வறுத்துப் பொடித்த சிறுபயறு, தேங்காய்த் துருவல், ஏலக்காய், வெல்லப் பாகு, இவ்வளவுதான். பிறகு ஏன் அந்தப் பெயர்? பக்கத்துக் கேரளத்தில் முந்திரி என்றால் திராட்சை. மூன்று நான்கு உருண்டைகள் ஒட்டியிருப்பது திராட்சைக் குலை போலத் தெரியும். முட்டையும் பாலும்கூட இதில் சேராது.

கவனிக்க வேண்டியது எங்கே?

பலர் இதில் எள் சேர்ப்பார்கள். எள்ளும் கடுமையான ஒவ்வாமையைத் தரக்கூடியது. அமெரிக்காவில் 2023 ஜனவரி முதல் உணவுப் பொட்டலங்களில் அதைத் தனியாக எச்சரித்தாக வேண்டும். இந்தியாவின் 2020 லேபிள் விதிகளில் உள்ள ஒவ்வாமைப் பட்டியலில் பால், முட்டை, நிலக்கடலை, மரக்கொட்டைகள் எல்லாம் உண்டு, எள் இல்லை. அதனால் சேர்மானப் பட்டியலை முழுதாகப் படிக்க வேண்டும். மேல்மாவுக்கு மைதா கரைப்பது வழக்கம். கோதுமை ஆகாத பிள்ளைக்கு அரிசி மாவு போதும். அதையும் மில்லில் திரிக்காமல் வீட்டு மிக்ஸியில் பொடிப்பது நல்லது. மில்லில் முன்னால் போட்டது கோதுமையாக இருக்கலாம். பயறு வகையே சேராத குழந்தைக்கு இந்தப் பலகாரம் வேண்டாம்.

எண்ணெய்தான் பலரும் மறக்கும் இடம். முட்டை சேர்த்த அச்சு முறுக்கைப் பொரித்த எண்ணெயில் இதைப் போட்டால் இத்தனை கவனமும் வீண். புது எண்ணெயில் குழந்தையின் ஈடு முதலில், மற்றவை பிறகு. அச்சு முறுக்கையே முட்டை இல்லாமல் தேங்காய்ப்பாலில் கரைத்தும் சுடலாம். அச்சு நன்றாகக் காய்ந்திருந்தால் மாவு ஒட்டாமல் விடும். நன்றாக வெந்த கேக்கில் உள்ள முட்டை சில குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்வதுண்டு. அதை மருத்துவர் கண்காணிப்பில்தான் சோதிக்க வேண்டும், வீட்டில் அல்ல.

குழந்தைக்கு என்ன வேலை? பாகு ஊற்றிக் கிளறுவது பெரியவர் பாடு. கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் உருண்டை பிடிக்கப் பிள்ளையை உட்கார வைக்கலாம். கோணல்மாணலாக வந்தாலும், மேல்மாவில் முக்கிப் பொரித்தால் தெரியாது. சட்டிப் பக்கம் மட்டும் விடக் கூடாது.

"ஒரு துண்டு தின்னா என்ன ஆவும்?"

விருந்தாளிகளின் இந்தக் கேள்விக்குப் பதில்: ஒரு சிறு துண்டே போதும். தோல் தடிப்பது, உதடு வீங்குவது, வாந்தி என்று தொடங்கி மூச்சுத் திணறல் வரை போகலாம். மூச்சு இரைத்தாலோ குழந்தை துவண்டாலோ அலர்ஜி மாத்திரை கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். அப்போது உயிர்காக்கும் மருந்து அட்ரினலின் ஊசிதான். மருத்துவர் முன்பே எழுதிக் கொடுத்திருந்தால், அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுத் தட்டில் லேபிள் இருக்காது. சிரித்த முகத்தோடு வாங்கி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடலாம். வந்த தட்டை வெறுமனே திருப்பித் தரும் வழக்கம் இல்லையே. அதில் பிள்ளை பிடித்த முந்திரிக்கொத்து போகட்டும்.