எஸ்தோனியாவிற் கண்டதும் கருதியதும்

பால்டிக் கடலின் கீழ்க்கரையிலே எஸ்தோனியா என்றொரு சிறுநாடு உண்டு. பரப்பில் அது நமது இலங்கையினும் சிறியது. குடிமக்கள் ஏறத்தாழ 13 இலட்சம் பேர். அவருள் எஸ்தோனிய மொழியைத் தாய்மொழியாக உடையோர் ஒன்பது இலட்சத்தையொட்டியவர். இத்துணைச் சிறு தொகையினர் தம் மொழியிலே அரசு நடத்துகின்றனர், பல்கலைக்கழகம் நடத்துகின்றனர், கணனிக்கும் தம் மொழியிலே பெயர் வைத்து வழங்குகின்றனர். இச்செய்தியைக் கேள்வியுற்ற நாள்முதல் அந்நாட்டை ஒருமுறை காணவேண்டுமென்னும் அவா என் உள்ளத்தில் இருந்துவந்தது. 2025 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அது கைகூடிற்று. பின்லாந்திலே பொறியியலாளராகத் தொழில்புரியும் பழைய மாணவர் ஒருவர் அன்புடன் அழைத்தார்; சென்றேன்.

ஹெல்சிங்கி நகரிலிருந்து எஸ்தோனியத் தலைநகராகிய தல்லினுக்குக் கப்பலில் இரண்டு மணி நேரம். இடைப்பட்ட கடல் 80 கிலோமீற்றர் அளவினது. கரையை அணுகும்போது முதலிற் புலனாவன தேவாலயக் கோபுரங்களே. அவற்றுள் மிகவுயர்ந்தது ஒலேவிஸ்தே தேவாலயத்தினது, 124 மீற்றர். சோவியத் ஆட்சிக் காலத்தில் உளவுப் பகுதியினர் அக்கோபுரத்தை வானொலிக் கருவிகளுக்குக் கம்பமாகக் கொண்டனர். தேனியர், செருமானியர், சுவீடியர், உருசியர் எனப் பலரும் மாறிமாறி ஆண்ட நாடு அது. 1918 இல் விடுதலை எய்திற்று. 1940 இல் அதனை இழந்தது. 1991 ஆகஸ்டு 20 இல் மீண்டும் பெற்றது.

மதில் சூழ்ந்த பழைய நகரைப் பழமை மாறாது காத்துவருகின்றனர். புதுமையெல்லாம் மதிலுக்கு வெளியே. கலமயா என்னும் பகுதியில் தொழிலாளர் வாழ்ந்த மரவீடுகள் இன்றும் நிற்கின்றன. கலமயா என்பதற்கு மீன்வீடு என்பது பொருளாம். புகையிரத நிலையத்தின் அயலிலிருந்த பழைய தொழிற்சாலைகளை இடித்துத் தள்ளாது, புத்தகசாலைகளாகவும் நாடக அரங்குகளாகவும் ஆக்கியுள்ளனர். கடல்விமானங்கள் தங்குதற்கென 1916-17 ஆம் ஆண்டுகளிற் கட்டப்பட்ட கொங்கிறீற்றுக் குவிமாடங்கள் 2012 முதல் அருங்காட்சியகமாகியுள்ளன.

நகரின் மற்றொரு புறத்திலே புதிய புகையிரத நிலையம் எழுந்துகொண்டிருந்தது. தல்லினிலிருந்து போலந்தின் எல்லைவரை 870 கிலோமீற்றர் நீளத்துக்குப் புதிய இருப்புப்பாதை அமைக்கின்றனர். பழைய பாதைகளின் தண்டவாள இடைவெளி 1520 மில்லிமீற்றர். அது உருசியப் பேரரசின் காலத்து அளவையொட்டியது. புதியது 1435 மில்லிமீற்றர். ஐரோப்பாவின் பெரும்பாகத்தில் வழங்கும் அளவு. மின்சாரமும் இவ்வாறே. 2025 பெப்ரவரியில் எஸ்தோனியா, லத்வியா, லித்துவேனியா ஆகிய மூன்று நாடுகளும் உருசிய மின்வலையிலிருந்து விலகி ஐரோப்பிய மின்வலையோடு இணைந்தன. அங்கே இருப்புப்பாதையும் மின்கம்பியுங்கூட அரசியல் வரலாறு பேசுகின்றன.

கணனித் துறையில் அவர்கள் பெற்ற புகழை வாசகர் அறிவர். 2002 முதல் குடிமக்களுக்கு மின்னணு அடையாள அட்டை வழங்கப்படுகின்றது. வரிப்பத்திரம், மருந்துச்சீட்டு முதலிய யாவும் கணனி வழியே நிகழ்வன. நாடு முழுவதற்குமான தேர்தலொன்றில் இணையவழி வாக்களிக்க முதன்முதல் இடமளித்த நாடும் அதுவே, ஆண்டு 2005. 2023 இல் நிகழ்ந்த பாராளுமன்றத் தேர்தலிலே பதிவான வாக்குகளிற் பாதிக்கு மேற்பட்டவை இணையவழி வந்தவை. இவ்வளவுக்கும் அடிப்படை, 1996 இல் அறிவித்த திட்டமொன்றின்படி பாடசாலைகளுக்குக் கணனிகளைக் கொண்டுசென்றமையே. ஆசிரியத் தொழில் புரியும் நாம் இதனைச் சிந்தித்தல் தகும்.

நிற்க. என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது அவர்தம் மொழியே. எஸ்தோனிய மொழியில் வேற்றுமைகள் பதினான்கு. ஆண்பால் பெண்பால் வேறுபாடு இல்லை. அவன், அவள் என்னும் இரண்டிற்கும் ‘தெமா’ என்னும் ஒரு சொல்லே. மாத்திரையோ மூவகைப்படும். ‘ஸதா’ எனக் குறுகி ஒலித்தால் நூறு; ‘ஸாதா’ என நீண்டால் அனுப்பு; அதனையே இன்னும் நீட்டி ஒலித்தால் பெறுதல். குறிலும் நெடிலும் அளபெடையும் மாணவர்க்குக் கற்பித்தே காலங்கழித்த எனக்கு, அக்குளிர்நாட்டு வீதியிலே அளபெடையைக் காதாரக் கேட்டபோது உண்டான மகிழ்ச்சி சொல்லுந்தரத்ததன்று. நம் மொழியில் அது செய்யுளிலும் கூவி விளித்தலிலுமே பெரிதும் வழங்குகின்றது. அவர்களோ கடையில் நின்று பேசும்போதும் அளபெடுக்கின்றனர்.

கணனியை அவர்கள் ‘அர்வுதி’ என்பர். கணித்தல் என்னும் பொருளுடைய வினையடியாகப் பிறந்த சொல். நாம் கணனி என்றது எவ்வாறோ அவ்வாறே. யொகானஸ் ஆவிக் என்னும் மொழியறிஞர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே புதுச்சொற்கள் பலவற்றை ஆக்கினார். படைக்கலம், குற்றம் ஆகியவற்றைக் குறிக்க அவர் ஆக்கிய சொற்கள் இன்று பொதுமக்கள் வாயிலே சாதாரணமாக வழங்குகின்றன.

தார்த்து நகரின் பல்கலைக்கழகம் 1632 இல் தோன்றியது. இலத்தீனும் செருமனும் உருசியமும் அங்கே மாறிமாறி அரசிருந்தன. எஸ்தோனியம் அங்கே போதனாமொழியானது 1919 இலேதான். அதற்கு நிலம் பண்படுத்தியோருள் ஒருவர் யாக்கொப் ஹுர்த். 1888 இல் அவர் பத்திரிகை வாயிலாக விடுத்த வேண்டுகோளை ஏற்று, ஏறத்தாழ 1,400 பேர் நாட்டார் பாடல்களையும் கதைகளையும் எழுதியனுப்பினர். அவருட் பலர் கிராமத்துப் பள்ளியாசிரியரும் உழவருமே. சேர்ந்தவை இலட்சத்துக்கு மேற்பட்ட பக்கங்கள். அவை தார்த்துவிலே பேணப்படுகின்றன. ஹுர்த்தின் நினைவாக 1909 இல் நிறுவப்பட்ட தேசிய அருங்காட்சியகத்துக்கு 2016 இல் புதிய கட்டடம் அமைந்தது. அது நிற்பது சோவியத் போர்விமானங்கள் ஓடிய பழைய ஓடுபாதையின் முனையில். ஓடுபாதையே மெல்ல உயர்ந்து கூரையாயிற்றோ என்னும்படி கட்டியிருக்கின்றனர்.

இவற்றையெல்லாம் கண்டு களித்த நெஞ்சோடுதான் நார்வா நகருக்குப் பஸ் ஏறினேன். அது நாட்டின் கீழெல்லை. ஆற்றின் இக்கரையில் ஒரு கோட்டை. அக்கரையில், உருசிய மண்ணில், மற்றொரு கோட்டை. நான் சென்ற காலத்தில் பாலத்தை மக்கள் பொதி சுமந்து நடந்தே கடந்தனர். 1944 இல் அந்நகர் போரினால் அழிந்தது. பழைய குடிகள் மீண்டுவர விடப்படவில்லை. சோவியத் அரசு வேறிடங்களிலிருந்து தொழிலாளரைக் கொணர்ந்து குடியேற்றியது. இன்று அங்கு வாழ்வோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் உருசிய மொழி பேசுவோர். 2024 செப்டெம்பர் தொடக்கம் முன்பள்ளிகளிலும் 1 ஆம், 4 ஆம் வகுப்புகளிலும் எஸ்தோனியமே போதனாமொழியாயிற்று. படிப்படியாக ஏனைய வகுப்புகளும் மாறுகின்றன.

தேநீர்க்கடையிலே உருசிய மொழிபேசும் ஆசிரியை ஒருவரைச் சந்தித்தோம். முப்பதாண்டு கணிதம் கற்பித்தவர். என் மாணவர் மொழிபெயர்த்துதவினார். “எஸ்தோனியத்தின்மேல் எனக்கு வெறுப்பில்லை. என் பேத்தி அதனை நன்றாகப் பேசுகிறாள், மகிழ்ச்சியே. ஆனால் ஐம்பத்தெட்டு வயதிலே நான் மொழித்தேர்வுக்குப் படிக்கின்றேன். தேறாவிட்டால் வகுப்பறைக்குள் நுழைய முடியாது” என்றார் அவர்.

நான் விடை கூறவில்லை. 1956 இன் பின்னர், என் தந்தையார் தலைமுறையைச் சேர்ந்த தமிழ் உத்தியோகத்தர்கள் நடுவயதிலே சிங்களத் தேர்வுக்கு இருந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் யான். “ஐயா, இரண்டும் ஒன்றல்லவே; இவர்களுடைய மொழி அழிவின் விளிம்புவரை சென்று மீண்டதன்றோ?” என்றார் மாணவர். உண்மைதான். வல்லரசொன்றின் மொழியை அயலிலே வைத்துக்கொண்டு ஒன்பது இலட்சம் பேரின் மொழி அஞ்சுவதில் வியப்பில்லை. நாட்டு மொழி அறியாத பிள்ளைக்கு அந்நாட்டில் உயர்கல்வியும் தொழிலும் அரிதாதலும் உண்மையே. ஆயினும் அந்த ஆசிரியையின் முகத்திலே கண்ட சோர்வும் உண்மை. தன் மொழிக்கு வாழ்வு தேடிய ஓர் இனம், பிறிதொரு மொழியின் பிள்ளைகளை எவ்வாறு நடத்துகின்றது என்பதும் முன்னேற்றத்தின் அளவுகோலன்றோ? எஸ்தோனியத்தை நன்றாகக் கற்பிக்கட்டும். வீட்டு மொழியை நாணத்துக்குரியதாக்காது கற்பித்தல் வேண்டும் என்பதே ஓர் ஆசிரியனாக யான் சொல்லக்கூடியது.

திரும்பும் நாளிலே தல்லினில் பாடல் விழாத் திடலைப் பார்த்தேன். 1869 இல் தார்த்துவிலே தொடங்கிய விழா அது. 1988 இல் அந்நியராட்சிக்கு எதிராக மக்கள் திரண்டு பாடிய இடமும் அத்திடலே. விதானம் வளைந்த அம்மாபெரும் மேடை 1960 இல் எழுந்தது. யூலையில் விழா நிகழவிருந்தது; யான் கண்டபோது மேடை வெறுமையாகக் கிடந்தது. நார்வா ஆசிரியையின் பேத்தியும் ஒருநாள் அம்மேடையேறி எஸ்தோனியத்திலே பாடுவாள், அதில் ஐயமில்லை. வீடு திரும்பியதும் தன் பாட்டியோடு உருசியத்திலும் அவள் பாடுவாளா என்பதே, கப்பலேறிய பின்னரும் என்னை விடாத வினாவாயிற்று.