விரல் நுனியில் 94... அந்த எண்ணை நம்பலாமா? ஒரு ஆக்ஸிமீட்டர் உருவாகும் கதை

பாகூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு பெரியவருக்கு மூச்சு வாங்குது என்று வைத்துக்கொள்வோம். விரலில் கிளிப் மாட்டினால் 94 காட்டுகிறது. காலை வரை பார்க்கலாமா, இல்லை இப்பவே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, புதுச்சேரி நகரைத் தாண்டி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மருக்குக் கிளம்பணுமா? குடும்பம் அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவெடுக்கும்.

2021 கொரோனா அலையில் பல வீடுகளுக்குள் நுழைந்த கருவி இது. இப்போது புதுச்சேரியின் இன்ஜினீயரிங் மாணவர்களும் ஸ்டார்ட்அப் இளைஞர்களும் இதே போன்ற கருவிகளைத் தாங்களே வடிவமைக்க முயல்கிறார்கள். மாடல் செய்வது சுலபம். மருத்துவக் கருவி செய்வதில்தான் சிக்கல் இருக்கு. இரண்டுக்கும் நடுவில் நிற்பவை இரண்டு விஷயங்கள்: எந்தப் பாகத்தை வாங்குகிறோம், எதை வைத்துச் சோதிக்கிறோம்.

கிளிப்புக்குள் என்ன நடக்கிறது?

ஒரு பக்கம் இரண்டு எல்.இ.டி. ஒன்று சிவப்பு, 660 நானோமீட்டர். மற்றொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, பெரும்பாலும் 940 நானோமீட்டர். எதிர்ப்பக்கம் ஒரு ஒளி உணரி. ஆக்ஸிஜன் ஏறிய ரத்தம் அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும். ஆக்ஸிஜன் இல்லாத ரத்தம் சிவப்பை அதிகம் உறிஞ்சும். இரண்டையும் ஒப்பிட்டு சதவீதம் சொல்வதுதான் கருவியின் வேலை. 1970-களின் தொடக்கத்தில் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி கண்டுபிடித்த வழி இது.

அவருடைய யோசனையின் சூட்சுமம் நாடித்துடிப்பில் இருக்கிறது. தோல், எலும்பு, சதை எல்லாமே ஒளியை உறிஞ்சும். ஆனால் ஒவ்வொரு துடிப்புக்கும் கூடிக் குறைவது தமனி ரத்தம் மட்டும்தான். அந்த ஏற்ற இறக்கம் மொத்த ஒளியில் ஓரிரு சதவீதம்தான் இருக்கும். அவ்வளவு சின்ன சிக்னலைப் பிடிக்க வேண்டும் என்பதால்தான் ஒவ்வொரு பாகத்தின் தரமும் முக்கியமாகிறது.

ரிச்சி தெருவில் கிடைக்கும் சிப் போதாதா?

மாணவர் புராஜெக்ட்டுகளில் பெரும்பாலும் மேக்ஸ்30102 என்ற சென்சார் இருக்கும். எல்.இ.டி, உணரி, 18 பிட் மாற்றி எல்லாம் ஒரே சிப்பில். கற்றுக்கொள்ள அருமையான பாகம். ஆனால் அதன் அகச்சிவப்பு 880 நானோமீட்டர். ஒளியை விரலுக்குள் ஊடுருவ விடாமல், பட்டுத் திரும்புவதை அளக்கிறது. அதாவது கிளிப் வகைக் கருவிக்கான கணக்கு இதற்குப் பொருந்தாது. இணையத்தில் கிடைக்கும் ஃபார்முலாவைப் போட்டால் திரையில் ஏதோ ஒரு எண் வரும். அது சரியான எண்ணா என்பதை அந்தத் திரையே சொல்லாது.

எல்.இ.டி தேர்விலும் கவனம் வேண்டும். 660-க்குப் பக்கத்தில் அலைநீளம் சில நானோமீட்டர் நகர்ந்தாலே உறிஞ்சும் அளவு மாறிவிடும். சூடேறினால் எல்.இ.டியின் அலைநீளம் நகரும். மே மாத வில்லியனூர் வெயிலை நினைத்துக்கொள்ளுங்கள். அதனால் உற்பத்தியாளரின் டேட்டாஷீட்டில் அலைநீளத்தின் ஏற்ற இறக்க வரம்பு இருக்கணும், ஒவ்வொரு லாட்டையும் பிரித்து அளந்து வாங்கணும். பெயரில்லாத கடையிலிருந்து வாங்கினால் போலி சிப் வரும் ஆபத்து உண்டு. அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தர், லாட் எண், பில் எல்லாம் இருந்தால்தான் நாளைக்குப் பிரச்சினை வந்தால் எந்த லாட், எந்தக் கருவிகள் என்று தேடிப் பிடிக்க முடியும்.

சார்ஜரில் என்ன ஆபத்து?

போனை சார்ஜில் போட்டு, வெறுங்காலோடு அதன் உலோக விளிம்பைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்று இருக்குமே, அதுதான் கசிவு மின்சாரம். சாதாரண அடாப்டர்களுக்கான பழைய ஐ.டி கருவித் தரம் 250 மைக்ரோ ஆம்பியர் வரை அனுமதித்தது. நோயாளி உடலில் பொருத்தும் பி.எஃப் வகைக் கருவிக்கு ஐ.இ.சி 60601 தரம் வைக்கும் வரம்பு, இயல்பு நிலையில் 100 மைக்ரோ ஆம்பியர். ஏதாவது ஒரு பழுது வந்த நிலையில்கூட 500-ஐத் தாண்டக்கூடாது. இதயத்தோடு நேரடியாக இணையும் சி.எஃப் வகைக்கு வெறும் 10-தான்.

வீட்டு மின்சாரத்துக்கும் நோயாளிக்கும் நடுவே இரட்டைப் பாதுகாப்பு கேட்கிறது அந்தத் தரம்: 4,000 வோல்ட் தாங்கும் மின்காப்பு, சர்க்யூட் போர்டில் 8 மில்லிமீட்டர் இடைவெளி. "போன் சார்ஜரே போதும்" என்று செலவைக் குறைத்தால் இந்த இரண்டையும் இழக்கிறோம். மெடிக்கல் கிரேடு அடாப்டருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு இதற்குத்தான்.

நம்ம ஊர்ச் சூழலையும் சேர்த்துக்கொள்ளணும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் பாகூர் பகுதியைச் சூழ்ந்தது. மின்வெட்டு, ஈரப்பதம், உப்புக்காற்று எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்கணும் என்றால் பேட்டரி, போர்டு மேல் பூசும் பாதுகாப்புப் பூச்சு, துருப்பிடிக்காத கனெக்டர் இவையெல்லாம் அத்தியாவசியம்.

பரிசோதனைக் கருவி "ஓகே" சொன்னால் போதுமா?

பலர் தடுமாறும் இடம் இது. ஆக்ஸிமீட்டரைச் சோதிக்க சிமுலேட்டர்கள் இருக்கின்றன. செயற்கை விரலில் மாட்டி 97, 90, 80 என்று வைத்தால் கருவியும் அதையே காட்டணும். காட்டினால் எலெக்ட்ரானிக்ஸ் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். அளவு துல்லியமானது என்று அர்த்தமில்லை. ஆக்ஸிமீட்டருக்கான ஐ.எஸ்.ஓ 80601-2-61 தரமும் இதையே சொல்கிறது.

துல்லியத்துக்கு மனித ரத்தம்தான் ஆதாரம். மருத்துவக் கண்காணிப்பில், ஆரோக்கியமான தன்னார்வலர்கள் சுவாசிக்கும் காற்றில் ஆக்ஸிஜனைப் படிப்படியாகக் குறைப்பார்கள். அதே நேரத்தில் தமனி ரத்தம் எடுத்து கோ-ஆக்ஸிமீட்டரில் அளந்து, இரண்டு எண்களையும் ஒப்பிடுவார்கள். 70 முதல் 100 சதவீதம் வரை சராசரிப் பிழை 4 சதவீதப் புள்ளிக்குள் இருக்கணும் என்கிறது தரம். இதன் நடைமுறை அர்த்தம்: தேர்ச்சி பெற்ற கருவியிலும் சுமார் மூன்றில் இரண்டு பங்கு அளவுகள்தான் அந்த நான்குக்குள் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். 94 என்பது உண்மையில் 90 ஆகவும் இருக்கலாம்.

நம்ம தோல் நிறத்துக்கு என்ன?

2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் மைக்கேல் ஸ்யோடிங் குழு வெளியிட்ட ஆய்வு உலகை உலுக்கியது. ஆக்ஸிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில், ரத்தத்தில் உண்மையான அளவு 88-க்குக் கீழே இருந்தது வெள்ளையர்களில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். கருவி "பரவாயில்லை" என்றபோது உடல் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது.

காரணம் சோதனையிலேயே ஒளிந்திருந்தது. அமெரிக்க எஃப்.டி.ஏவின் 2013 வழிகாட்டுதல் கேட்டது குறைந்தது 10 பேர், 200 ரத்த அளவீடுகள். அதில் கருமையான தோல் கொண்டவர்கள் குறைந்தது இரண்டு பேர் அல்லது 15 சதவீதம். 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவில்தான் அதிகப் பேரையும் பல நிறத் தோலையும் கேட்டார்கள். ஆக, வில்லியனூரிலும் பாகூரிலும் பயன்படப்போகும் கருவியை இங்குள்ள தோல் நிறங்களில் சோதிக்காமல் "துல்லியம்" என்று சொல்ல முடியாது.

இதையெல்லாம் இங்கே செய்ய முடியுமா?

முடியும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்தில் உதாரணம் இருக்கு. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனத்தில் எம்.எஸ்.வலியத்தான் குழு இந்தியாவின் சொந்த இதய வால்வை உருவாக்கியபோது, முதல் மூன்று மாடல்கள் தோற்றன. ஒரு மாடலில் மிகக் கடினமான சஃபையர் தட்டு போட்டார்கள். விலங்குச் சோதனையில் அது உடைந்தது. கடைசியில் வென்றது உறுதியான கோபால்ட் உலோகச் சட்டமும், அதற்குள் ஒரு பாலிஎத்திலீன் தட்டும். 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். விலை உயர்ந்த பாகம்தான் சிறந்த பாகம் என்ற நினைப்பை உடைத்தது சோதனைதான்.

சட்டப்படியான பாதையும் தெளிவு. மருத்துவக் கருவி விதிகள் 2017, ஆபத்தைப் பொறுத்து ஏ, பி, சி, டி என்று பிரிக்கின்றன. ஏ, பி உற்பத்தி உரிமத்துக்கு மாநில உரிம அதிகாரி, சி, டிக்கு மத்திய அதிகாரி. சோதனைக்காகச் சிறிய எண்ணிக்கையில் தயாரிக்கவே எம்.டி-13 உரிமம் வாங்கணும். மனிதர்களிடம் ஆய்வு செய்ய நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். மின்காந்தக் குறுக்கீடு சோதனைக்குச் சென்னையிலேயே சமீர் மையம் இருக்கு. உங்கள் மீட்டர், சிமுலேட்டர், கசிவு அனலைசர் எல்லாவற்றுக்கும் என்.ஏ.பி.எல் ஆய்வகத்தின் காலாவதியாகாத அளவுத்திருத்தச் சான்று வைத்திருங்கள். தராசே தவறென்றால் எடை எப்படிச் சரியாகும்?

வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது

• பெட்டியில் உற்பத்தியாளர் பெயர், உரிம எண், லாட் எண் இருக்கிறதா பாருங்கள்.

• கை சூடாக, அசையாமல், நெயில் பாலிஷ் இல்லாமல் இருக்கட்டும். எண் நிலைக்கும் வரை காத்திருங்கள்.

• ஒற்றை எண்ணைவிட அது போகும் திசை முக்கியம். 97-லிருந்து 94, பிறகு 92 என்று இறங்கினால் தாமதிக்காதீர்கள்.

• மூச்சுத் திணறல், உதடு நீலமாதல், குழப்பமான பேச்சு இருந்தால், கருவி என்ன காட்டினாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.