ஊர் திரும்பும் முன்: நெடும்பயணத்தின் கடைசி நாட்கள்

செமஸ்டர் விடுமுறை வந்தால் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம் என்று வாரக்கணக்கில் சுற்றிவரும் மாணவர்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். பகுதிநேர வேலையில் சேர்த்த பணம், அம்மா கொடுத்தனுப்பிய சிறு தொகை, மலிவு விலை டிக்கெட், அவ்வளவுதான் முதலீடு. ஜாசின், அலோர்காஜா, மெர்லிமாவ் வட்டாரங்களில் தோட்டத்துப் பின்னணி கொண்ட சில குடும்பங்களில், சுற்றிப்பார்ப்பதற்காக நாட்டைவிட்டு வெளியே போகும் முதல் ஆளே அந்தப் பிள்ளையாக இருக்கக்கூடும்.

புறப்படுவதற்கு முன் மாதக்கணக்கில் திட்டமிடுகிறோம். கடைசி மூன்று நான்கு நாட்களை மட்டும் யாரும் திட்டமிடுவதில்லை. உடல் களைத்திருக்கும், பணம் கரைந்திருக்கும், மனம் ஏற்கெனவே வீட்டுக்குப் போயிருக்கும். விடுதிக் கட்டிலில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே அந்த நாட்கள் கழிந்துவிடும்.

அது பெரிய இழப்பு. ஓர் அனுபவத்தை நாம் பின்னாளில் எப்படி நினைவுகூர்கிறோம் என்பதில் அதன் உச்சக்கட்டத்துக்கும் முடிவுக்கும் கூடுதல் பங்கு உண்டு என்று உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடைய சகாக்களும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். ஒருமுறை 60 விநாடி கடும் குளிர்நீரில் கையை வைக்கச் சொன்னார்கள். மறுமுறை அதே 60 விநாடியுடன், குளிர் சற்றுக் குறைந்த நீரில் மேலும் 30 விநாடி. எதை மீண்டும் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தெடுத்தார்கள். முடிவு சற்று இதமாக இருந்ததே காரணம். பயணத்துக்கும் இது பொருந்தும். அலுப்பும் அவசரமுமாக முடிந்தால், நன்றாகக் கழிந்த நாட்களின் மீதும் அந்த அலுப்பு படிந்துவிடும்.

முதலில் நடைமுறைக் காரியங்களைப் பார்ப்போம். கடப்பிதழில் குத்திய முத்திரையின் கடைசி நாளை இன்னொரு முறை சரிபாருங்கள். தாய்லாந்தில் அனுமதித்த நாளுக்கு மேல் தங்கினால் ஒரு நாளுக்கு 500 பாட் அபராதம். லாவோஸ் நாட்டுக் கிப் பணத்தை வெளியே மாற்றுவது கடினம். எல்லையைத் தாண்டும் முன்பே செலவழித்துவிடுங்கள் அல்லது மாற்றிவிடுங்கள். ஹாட்யாயிலிருந்து ரயிலில் பாடாங் பெசார் வந்து, அங்கே இ.டி.எஸ். ரயில் பிடிப்பவர்கள் கடிகாரத்தை மறக்கக்கூடாது. தாய்லாந்து நேரம் நம் நேரத்தைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் ரயில் போயே போய்விடும்.

உடல்நலமும் முக்கியம். டிங்கிக் காய்ச்சல் பொதுவாகக் கொசு கடித்த 4 முதல் 10 நாட்களுக்குள் தலைகாட்டும். மலேரியா சில வாரங்கள் கழித்தும் வரலாம். அதாவது, பயணத்தின் கடைசி நாட்களில் கடித்த கொசுவின் விளைவு வீட்டுக்கு வந்த பிறகே தெரியக்கூடும். காய்ச்சல் கண்டால் கிளினிக்கில் மருத்துவரிடம் எந்தெந்த நாட்டில் இருந்தீர்கள் என்பதைத் தவறாமல் சொல்லுங்கள்.

இவற்றோடு இன்னொரு வேலையும் இருக்கிறது. அதற்கு வழிகாட்டி நம் மலாக்காக்காரர் ஒருவரே. நகரில் நாம் தினமும் கடக்கும் ஜாலான் முன்ஷி அப்துல்லா சாலை அவர் பெயரில்தான் இருக்கிறது. மலாக்காவின் கம்போங் பாலியில் பிறந்த முன்ஷி அப்துல்லாவின் முன்னோர் நாகூரில் வாழ்ந்தவர்கள். இளம் வயதில் அவர் தமிழ் எழுதப் படிக்கவும் கற்றார். 1838-இல் கிளந்தானுக்குக் கடல்வழி சென்றபோது கண்டதையும் கேட்டதையும் எழுதினார். 1854-இல் சிங்கப்பூரிலிருந்து மக்காவை நோக்கிக் கப்பலேறியபோதும் எழுதிக்கொண்டே போனார். குமரி முனையருகே அலைகளில் கப்பல் பட்ட பாடும் அதில் இருக்கிறது. ஜித்தா வரை அந்தக் குறிப்பு நீள்கிறது. அவ்வாண்டே அவர் அரேபிய மண்ணில் காலமானார். அவர் திரும்பவில்லை, அவர் எழுதியது திரும்பியது. பின்னர் அச்சேறி, இன்றும் படிக்கப்படுகிறது. ஊர் போய்ச் சேர்ந்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று அவர் தள்ளிப்போட்டிருந்தால் நமக்கு எதுவும் கிடைத்திருக்காது.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நம்மில் பலருடைய கொள்ளுத் தாத்தாக்களும் பாட்டிகளும் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறித்தான் மலாயாவுக்கு வந்தார்கள். 1926 முதல் ஓடிய ‘ரஜூலா’ கப்பலின் பெயரை நம் வீட்டுப் பெரியவர்கள் சிலர் இன்னும் சொல்வார்கள். அந்த நெடும்பயணத்தின் கடைசி நாட்களைப் பலர் பினாங்கின் புலாவ் ஜெரெஜாக்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இருந்த தொற்றுத்தடுப்பு முகாம்களில் கழித்தார்கள். அங்கே என்ன சாப்பிட்டார்கள், யாரோடு பேசினார்கள், எதற்குப் பயந்தார்கள்? அவர்களில் பெரும்பாலோருக்கு எழுதும் வாய்ப்பே கிட்டவில்லை. அதனால் எத்தனையோ வீடுகளில் அந்தக் கதை ஒரு தலைமுறையோடு நின்றுபோனது.

நமக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது. கைப்பேசியில் ஆயிரம் படங்கள் இருக்கலாம். ஆனால் சாப்பாட்டின் விலையையோ, வழி காட்டிய பெரியவர் சொன்னதையோ, இரவுப் பேருந்தில் வந்த பயத்தையோ படம் சொல்லாது. கடைசி மூன்று நாட்களில் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் நாள், சென்ற வழியையும் ஆன செலவையும் வரிசையாக எழுதுங்கள். இரண்டாம் நாள், சந்தித்த மனிதர்களைப் பற்றி. மூன்றாம் நாள், புறப்படும்போது நினைத்ததற்கு மாறாக இருந்தவற்றைப் பற்றி. தமிழில் எழுதினால் வீட்டில் பாட்டிக்கும் படித்துக் காட்டலாம்.

அந்தச் செலவுக் கணக்கு, அடுத்த ஆண்டு பயணம் போக நினைக்கும் உங்கள் ஊர்ப் பிள்ளைக்கு எந்த வழிகாட்டி நூலைவிடவும் உதவும். பள்ளித் தமிழ்மொழிக் கழகத்திலோ பல்கலைக்கழகத் தமிழ் மன்றத்திலோ அதை ஒருநாள் வாசியுங்கள். வீட்டில் வாசிக்கும்போது, “நம்ம குடும்பம் எந்தக் கப்பல்ல வந்துச்சு?” என்று பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்வதையும் அதே குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.